கேள்வி – பதில்: பக்கம் வந்து சேரும்வரை யார் காத்திருப்பது?

போன இதழில் விர்ச்சுவல் மெமரி பற்றி இரண்டு பத்தி எழுதினேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. படித்துப் பார்த்தால் எல்லாமே சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: டிஸ்க்கில் கிடக்கும் பக்கங்களை ஒரே நேரத்தில் நூறு நிரல்கள் கேட்டால் மெயின்ஃப்ரேம் எனப்படும் பெரிய கணினி அதை எப்படிச் சமாளிக்கிறது? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. முதல்முறை படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நிரல் தனக்கு இருப்பதாக நினைக்கும் மெமரி பெரிது, பெட்டிக்குள் உண்மையில் இருப்பது சிறிது. அதை 4096 பைட் கொண்ட பக்கங்களாக வெட்டி, இடம் இல்லாதவற்றை டிஸ்க்கில் வைத்துக்கொள்கிறார்கள். இல்லாத பக்கத்தை நிரல் தொட்டால் அது பேஜ் ஃபால்ட். பக்கங்களை உள்ளே கொண்டுவருவதும் வெளியே அனுப்புவதும்தான் பேஜிங்.

கேள்வி: பேஜ் ஃபால்ட் வந்ததும் பக்கம் டிஸ்க்கிலிருந்து வரும்வரை சிபியூ சும்மா நிற்குமா? (மதுரையிலிருந்து ஒரு பொறியியல் மாணவி)

நிற்காது. நிற்கவிட்டால் இந்த ஏற்பாட்டுக்கே பொருள் இல்லை. 1970களின் ஐபிஎம் 370/168 இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் ஒரு சைக்கிள் 80 நானோசெகண்ட். ஒரு பக்கம் வர 10 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால் அதற்குள் 1,25,000 சைக்கிள்கள் போய்விடும். 2022-இல் வந்த ஐபிஎம் இசட்16 மெயின்ஃப்ரேம் ஓடுவது 5.2 கிகாஹெர்ட்ஸில், அங்கே ஒரே ஒரு மில்லிசெகண்டுக்குள் 52 லட்சம் சைக்கிள்கள்.

நடப்பது இதுதான். நிரல் இல்லாத பக்கத்தைத் தொட்டதும் ஹார்டுவேர் ஒரு இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைநிறுத்தும் சைகை) கொடுக்கும், ஐபிஎம் கணக்கில் அதன் எண் ஹெக்ஸ் 11. அதை எம்விஎஸ் என்ற ஐபிஎம் மெயின்ஃப்ரேம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் ரியல் ஸ்டோரேஜ் மேனேஜர், சுருக்கமாக ஆர்எஸ்எம், வாங்கிக்கொள்கிறது. காலியான ஒரு ஃப்ரேமை (மெமரியில் ஒரு பக்கம் அளவுள்ள இடம்) ஒதுக்கிவிட்டு, 'இந்தப் பக்கம் வேண்டும்' என்று ஆக்ஸிலரி ஸ்டோரேஜ் மேனேஜரிடம், அதாவது ஏஎஸ்எம்மிடம், சொல்கிறது. ஏஎஸ்எம் அந்தப் பக்கம் எந்த டேட்டாசெட்டில் (மெயின்ஃப்ரேமில் கோப்புக்கு இதுதான் பெயர்) எந்த ஸ்லாட்டில், அதாவது ஒரு பக்கம் பிடிக்கும் எந்த இடத்தில், இருக்கிறது என்று பார்த்து ஐஓ (டிஸ்க்கில் படிக்கும், எழுதும் வேலை) தொடங்கச் சொல்லும். இதற்குள் பேஜ் ஃபால்ட் எடுத்த டாஸ்க் தூங்கப் போயிருக்கும், டிஸ்பேச்சர் வேறொரு டாஸ்க்கைச் சிபியூவில் ஏற்றியிருக்கும். ஏற்றப்பட்ட அந்த டாஸ்க்கும் அடுத்த நொடியில் பேஜ் ஃபால்ட் எடுக்கலாம், அதுவும் தூங்கும், மூன்றாவது ஒன்று வரும். ஆக ஒரே சிபியூ இருந்தாலும், டிஸ்க் முன்னால் பத்துப் பதினைந்து கோரிக்கைகள் சேர்ந்துவிடுவது சாதாரணம். சிக்கல் தொடங்குவது அங்கேதான், அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

கேள்வி: சென்னையிலிருந்து ஒரு வெளிநாட்டு வங்கியின் மெயின்ஃப்ரேமுக்கு இரவு ஷிஃப்ட் சப்போர்ட் பார்க்கிறேன். எங்கள் சீனியர், 'பேஜ் டேட்டாசெட்டை ஒன்றே ஒன்றாகப் பெரிதாக வைக்காதே, அதே அளவைப் பிரித்துப் பத்து வால்யூமில் (டிஸ்க்கில்) வை' என்கிறார். மொத்த இடம் ஒன்றுதானே சார், எதற்குப் பிரிக்க வேண்டும்?

உங்கள் சீனியர் சொல்வது சரி. இடத்தின் அளவை மட்டும் பார்க்காதீர்கள், ஒரே நேரத்தில் எத்தனை ஐஓ ஓடலாம் என்று பாருங்கள்.

எம்விஎஸ்ஸில் ஒவ்வொரு டிவைஸுக்கும் யூசிபி என்று ஒரு கட்டுப்பாட்டுக் குறிப்பு உண்டு. பழைய விதி: ஒரு யூசிபியில் ஒரு நேரத்தில் ஒரு ஐஓதான் ஓடலாம். அது முடியாமல் அடுத்ததைத் தொடங்கவே சிஸ்டம் முயலாது, அடுத்தது யூசிபியின் வரிசையில் நிற்கும். சிஸ்டத்தின் செயல்பாட்டை அளந்து சொல்லும் ஆர்எம்எஃப் ரிப்போர்ட்டில் ஐஓஎஸ்க்யூ டைம் என்று ஒரு நெடுவரிசை பார்த்திருப்பீர்களே, அது இந்த வரிசையில் நின்ற நேரம்தான். டிஸ்க்கை எட்டவே இல்லை, மெயின்ஃப்ரேமின் உள்ளேயே நின்றுகொண்டிருந்த நேரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துக் கோரிக்கைகள் ஒன்றாக வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் 5 மில்லிசெகண்ட் என்று வைப்போம். ஒரே வால்யூம் என்றால் முதல் ஆளுக்கு 5, அடுத்தவருக்கு 10, இப்படியே போய் கடைசி ஆளுக்கு 50. சராசரி 27.5. பத்து வால்யூம்களில் ஆளுக்கொன்றாகப் பரவியிருந்தால் எல்லோருக்கும் 5 தான். டிஸ்க் கொஞ்சமும் வேகமாகவில்லை, ஆனால் ஃபால்ட் எடுத்த டாஸ்க்குகளின் பார்வையில் ஐந்து மடங்குக்கு மேல் வேகம்.

இதில் பலரும் தவறவிடும் ஒரு விஷயம் உண்டு. இன்று நீங்கள் வைத்திருக்கும் வால்யூம் உண்மையான டிஸ்க் அல்ல. அது ஸ்டோரேஜ் பெட்டிக்குள் பல டிஸ்க்குகளிலோ ஃபிளாஷிலோ சிதறிக் கிடக்கும் ஒரு கற்பனை வால்யூம், பெட்டிக்குள் கேஷும் உண்டு. பெட்டியால் ஒரே வால்யூமுக்கு வரும் பத்துக் கோரிக்கைகளையும் சேர்ந்தே கவனிக்க முடியும். ஆனால் யூசிபி விதி உண்மையான டிஸ்க் காலத்தில், படிக்க ஒரே கை, ஒரே தலை இருந்த காலத்தில் எழுதப்பட்டது. இரும்பு மாறியபிறகும் மென்பொருளில் அந்தப் பூட்டு அப்படியே இருந்தது. அதைத் திறந்தது பிஏவி எனப்படும் பேரலல் ஆக்ஸஸ் வால்யூம், 1999-இல் ஐபிஎம்மின் 'ஷார்க்' ஸ்டோரேஜ் பெட்டியோடு வந்தது. ஒரே வால்யூமுக்கு ஒரு அடிப்படை முகவரியும் அதற்குமேல் சில மாற்று முகவரிகளும் கொடுத்துவிடுவார்கள், மாற்று முகவரி ஒவ்வொன்றுக்கும் தனி யூசிபி. சிஸ்டத்தின் கண்ணுக்கு அவை வேறு வேறு டிவைஸ், பெட்டிக்கு எல்லாம் ஒரே வால்யூம். பழைய விதியை உடைக்காமலே ஒரு வால்யூமில் பல ஐஓக்கள் ஓடின. ஒரே இடத்தில் இரண்டு பேர் எழுத வந்தால்? அதைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு ஐஓவும் தொடங்கும்போதே தான் தொடப்போகும் எல்லையைச் சொல்லிவிட வேண்டும், எழுதும் எல்லைகள் ஒன்றோடொன்று மோதினால் மட்டும் ஒன்று காத்திருக்கும். 2006-இல் வந்த ஹைப்பர்பிஏவி இன்னும் ஒரு படி மேலே போனது. மாற்று முகவரிகளை எந்த வால்யூமுக்கும் நிரந்தரமாகக் கட்டிப்போடாமல் பொதுவில் வைத்து, ஐஓ தொடங்கும் நேரத்தில் எடுத்து, முடிந்ததும் திருப்பி வைத்துவிடுவது.

அப்படியானால் பிரிக்கவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும்தான், பழைய நாள்போல அத்தனை பாகம் தேவைப்படாது, அவ்வளவே. ஏஎஸ்எம் பக்கங்களை வெளியே எழுதும்போது லோக்கல் பேஜ் டேட்டாசெட்களுக்கு இடையே சுற்றிச் சுற்றிப் பங்கிடும், எது மெதுவாகப் பதில் சொல்கிறதோ அதற்குக் குறைவாகக் கொடுக்கும். ஒன்றே ஒன்றை வைத்தால் பங்கிட அதற்கு எதுவுமே இல்லை. அதோடு, எல்லாப் பக்கங்களும் ஒரே டேட்டாசெட்டில் இருந்து அதில் கோளாறு வந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உங்கள் சீனியர் சொல்லியிருப்பார்: பேஜ் டேட்டாசெட்டை 30 சதவீதத்துக்கு மேல் நிரம்பவிடாதே என்று. கேட்பதற்கு இடத்தை வீணாக்குவதுபோலத் தோன்றும், ஆனால் இதுவும் ஐஓ எண்ணிக்கையைப் பற்றியதுதான். ஏஎஸ்எம் வெளியே போகும் பக்கங்களை ஒவ்வொன்றாக எழுதாது, ஒரு கூட்டமாகச் சேர்த்து அடுத்தடுத்த ஸ்லாட்களில் ஒரே ஐஓவில் எழுதப் பார்க்கும். அடுத்தடுத்துக் காலி ஸ்லாட்கள் இருந்தால்தான் அது முடியும். டேட்டாசெட் நிரம்ப நிரம்பக் காலியிடங்கள் ஒன்று இங்கே ஒன்று அங்கே என்று சிதறிவிடும், ஒரு ஐஓவில் முடிந்த வேலை பல ஐஓக்களாகப் பிரியும். ஆர்எம்எஃப்பின் பேஜ் டேட்டாசெட் ரிப்போர்ட்டில் மாற்றப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கையை ஐஓ எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அந்த எண் வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தால், வேறெதையும் பார்க்கும் முன் டேட்டாசெட்டைப் பெரிதாக்குங்கள் அல்லது புதிதாக ஒன்று சேருங்கள்.

பழைய கையேடுகளில் பேஜ் டேட்டாசெட் இருக்கும் வால்யூமில் வேறெதையும் வைக்காதே என்று அழுத்திச் சொல்லியிருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. எம்விஎஸ்/எக்ஸ்ஏ என்ற பதிப்பின் காலத்திலிருந்து ஏஎஸ்எம் தன் சேனல் நிரலை (டிஸ்க்கோடு பேசும் சேனல் என்ற தனிப் பாதைக்குக் கொடுக்கும் கட்டளை வரிசை) முடிக்காமல் இடையில் நிறுத்தி வைக்கும் வழக்கம் வந்தது. புதுக் கோரிக்கை வந்ததும் நிறுத்திய இடத்திலிருந்து சேர்த்து, 'தொடர்' என்று ஒரு கட்டளை. முதலிலிருந்து ஐஓ தொடங்கும் செலவு மிச்சம். அதே வால்யூமுக்கு வேறொருவரின் ஐஓ வந்தால் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும், அதனால்தான் அந்த எச்சரிக்கை.

கேள்வி: 1960களில் மென்பொருளை மட்டும் மாற்றியே ஒரு டிரம்மின் (தகவலைப் பதிந்து வைக்கும் சுழலும் காந்த உருளை) பேஜிங் வேகத்தை மூன்று மடங்காக்கினார்கள் என்று கேள்விப்பட்டேன். மோட்டார் அதேதான் என்றால் அது எப்படி முடியும்? (ஈரோட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, எனக்கு மிகவும் பிடித்த கதை இது. இந்தத் துறையில் இவ்வளவு சுத்தமான கணக்கு வேறெங்கும் கிடைப்பது அரிது.

ஐபிஎம் 360/67 என்பது விர்ச்சுவல் மெமரிக்கான ஹார்டுவேரோடு வந்த இயந்திரம். அதன் பேஜிங்குக்கு 2301 என்ற டிரம். ஏறக்குறைய 4 மெகாபைட் கொள்ளளவு, நொடிக்கு 1.2 மெகாபைட் வேகம், ஒரு சுற்றுக்கு 17.5 மில்லிசெகண்ட். டிரம்மில் கை நகர வேண்டியதில்லை, ஒவ்வொரு டிராக்குக்கும் (தகவல் பதியும் வட்டத் தடம்) தனித் தலை. காத்திருக்க வேண்டியதெல்லாம் வேண்டிய இடம் சுற்றிவரும் வரைதான். இரண்டு டிராக்குகளில் ஒன்பது பக்கங்கள் அடங்கும்.

இப்போது, கேட்ட வரிசையிலேயே ஒரு பக்கத்தை எடு, முடிந்ததும் அடுத்ததை எடு என்று ஓட்டினால் என்ன ஆகும்? ஒவ்வொரு பக்கத்துக்கும் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருப்பு, 8.6 மில்லிசெகண்ட். படிக்க 3.4. மொத்தம் 12. நொடிக்கு 80 பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் மையத்தில் உருவான சிபி-67 என்ற 360/67-க்கான சிஸ்டம் தொடக்கத்தில் இப்படித்தான் ஓடியது.

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வருபவரை நினைத்துக்கொள்ளுங்கள். யார் முதலில் கூப்பிட்டார், யார் இரண்டாவதாகக் கூப்பிட்டார் என்று பார்த்து வரிசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவர் நடந்தால் பந்தி முடியாது. இலை இருக்கும் வரிசையிலேயே ஊற்றிக்கொண்டு போவார், ஒரு நடையில் எல்லோருக்கும் ஆகிவிடும். டிரம்மிலும் அதேதான். காத்திருக்கும் கோரிக்கைகளை வந்த நேரப்படி அடுக்காமல், டிரம்மில் அவை இருக்கும் இடத்தின்படி அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே சேனல் நிரலாகச் சங்கிலி போட்டுவிட்டால், டிரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு பக்கமும் தலைக்குக் கீழே வரும்போது எடுத்துக்கொள்ளப்படும். இரண்டு சுற்றுக்கு ஒன்பது பக்கம், அதாவது 35 மில்லிசெகண்டுக்கு ஒன்பது. நொடிக்கு 250-ஐத் தாண்டுகிறது. மூன்று மடங்கு, மோட்டாரைத் தொடாமல். சிபி-67-இல் இந்த மாற்றத்தைச் செய்தவர் லின் வீலர், அப்போது வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர். டிரம் வரிசையை இப்படி அடுக்குவதால் கிடைக்கும் லாபத்தைக் கணிதமாக எழுதிக் காட்டியவர்களில் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் முக்கியமானவர், ஆண்டு 1967.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. வரிசையில் ஒரே ஒரு ஆள் நின்றால் இந்த வித்தையால் எந்தப் பயனும் இல்லை, அதே 12 மில்லிசெகண்ட்தான். நிற்பவர்கள் கூடக் கூடத்தான் ஒரு பக்கத்துக்கு ஆகும் செலவு குறைகிறது. ஒரே நேரத்தில் பலர் கேட்பது பொதுவாகத் தொல்லை என்றுதான் நினைப்போம். பேஜிங் டிரம்மில் அது ஒரு வசதி.

அடுத்த படியில் இந்த அடுக்கும் வேலையே ஹார்டுவேருக்குப் போனது. 1970-இல் 370 வரிசையோடு வந்த 2305 என்ற நிலைத்தலை டிஸ்க், ஒரு சுற்றுக்கு 10 மில்லிசெகண்ட். அதன் இரண்டாம் மாடல் 11.2 மெகாபைட், ஒரு டிராக்கில் மூன்று பக்கங்கள். அதன் அதிசயம் வேகத்தில் இல்லை, முகவரியில். ஒரே டிவைஸுக்கு எட்டு முகவரிகள்! சிஸ்டம் எட்டு சேனல் நிரல்களை ஒன்றாகத் தொடங்கலாம். ஒவ்வொன்றும் 'எனக்கு இந்த செக்டர் வேண்டும்' என்று சொல்லிவிட்டுச் சேனலை விட்டு விலகிக்கொள்ளும். பழைய செலக்டர் சேனலில் இது நடக்காது, ஒருவர் பிடித்தால் முடியும்வரை சேனல் அவருக்கே. 370-இன் பிளாக் மல்டிபிளெக்ஸர் சேனல் விலகவும் திரும்பச் சேரவும் விட்டது. எட்டில் யாருடைய செக்டர் முதலில் தலைக்கு வருகிறதோ அவர் முதலில் சேனலில் சேர்ந்து பக்கத்தை வாங்கிக்கொண்டு போவார். மேலே சொன்ன பிஏவியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே டிவைஸுக்குப் பல முகவரி கொடுப்பது என்பது 1999-இன் புது யோசனை அல்ல, ஏறக்குறைய முப்பது ஆண்டு முன்னால் பேஜிங்குக்காகவே செய்து பார்த்தது. இந்தத் தொடர்ச்சியை யாரும் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது என் வருத்தம்.

கேள்வி: இரண்டு டாஸ்க்குகள் ஒரே பக்கத்தை ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டு முறை படிக்குமா? வெளியே போய்க்கொண்டிருக்கும் பக்கத்தை யாராவது கேட்டால்?

இரண்டு முறை படிக்காது, படிக்கவும் கூடாது. படித்தால் ஒரே பக்கத்துக்கு இரண்டு பிரதிகள் ஆகிவிடும், ஒன்றில் எழுதியது மற்றதில் இருக்காது. முதல் ஃபால்ட்டின்போதே அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது என்று ஆர்எஸ்எம் குறித்துக்கொள்ளும். இரண்டாவது டாஸ்க்கின் கோரிக்கை அதே குறிப்போடு கோக்கப்படும், புது ஐஓ எதுவும் போகாது. பக்கம் வந்ததும் காத்திருந்த எல்லோரையும் எழுப்பிவிடும்.

உங்கள் இரண்டாவது கேள்வி இன்னும் நுணுக்கமானது. ஒரு ஃப்ரேமைப் பிடுங்கி, அதிலிருந்த பக்கத்தை வெளியே எழுத அனுப்பியாயிற்று. எழுதி முடிவதற்குள் அதன் சொந்தக்காரர் திரும்பக் கேட்கிறார். தகவல் இன்னும் அந்த ஃப்ரேமிலேயேதான் இருக்கிறது, எனவே டிஸ்க்கிலிருந்து படிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதற்கு ரீக்ளெய்ம் என்று பெயர்.

இன்னொரு கவனமும் உண்டு. உள்ளே ஒரு பக்கம் வர வேண்டும் என்றால் முதலில் ஒன்று வெளியே போக வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். அப்படியே செய்தால் ஒவ்வொரு ஃபால்ட்டும் இரண்டு ஐஓக்களுக்குக் காத்திருக்க வேண்டும். நடைமுறையில் காலி ஃப்ரேம்களின் ஒரு கையிருப்பு எப்போதும் இருக்கும். கையிருப்பு ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால், ஃபால்ட் எடுத்தவர் யாரும் காத்திருக்காமல், பின்னணியில் பிடுங்கும் வேலை தொடங்கி, போதுமான அளவுக்கு ஏறியதும் நிற்கும். ஹார்டுவேரே ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தொடப்பட்டதா, மாற்றப்பட்டதா என்று இரண்டு பிட்களை ஸ்டோரேஜ் கீயில் வைத்திருக்கிறது. நீண்ட நேரம் தொடப்படாதது முதலில் போகும். டிஸ்க்கில் பிரதி இருந்து, மாற்றப்படாமலும் இருந்தால் எழுதவே தேவையில்லை, ஃப்ரேமை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பேஜிங் செய்யும் நிரலே டிஸ்க்குக்குப் போய்விட்டால்? (ஒரு வாசகர், ஊர் எழுதவில்லை)

போகவிட மாட்டார்கள். பேஜிங்கைச் செய்யும் நிரலும் அது பயன்படுத்தும் அட்டவணைகளும் மெமரியில் ஆணி அடித்து வைக்கப்பட்டவை. சிஸ்டத்தின் மையமான நியூக்ளியஸும் அதன் அட்டவணைகள் இருக்கும் எஸ்க்யூஏவும் வெளியே போவதே இல்லை. ஒவ்வொரு அட்ரஸ் ஸ்பேஸுக்கும் (ஒரு ஜாப்புக்குரிய தனி மெமரி வெளி) உரிய எல்எஸ்க்யூஏ, அந்த அட்ரஸ் ஸ்பேஸ் உள்ளே இருக்கும்வரை வெளியே போகாது. இன்டரப்ட்களை மூடிவைத்து ஓடும் நிரல் பேஜ் ஃபால்ட் எடுத்தால் எம்விஎஸ் அதைப் பிழையாகவே எடுத்துக்கொண்டு 0சி4 என்ற பிழைக் குறியோடு நிறுத்திவிடும். பக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டுமென்றால் ஐஓ முடிந்தது என்ற இன்டரப்ட் வர வேண்டும், அதற்கான கதவையே மூடிவைத்திருப்பவர் காத்திருக்க முடியாது.

சாதாரண ஐஓவிலும் இதே கவலை உண்டு, பலருக்கு இது தெரியாது. சேனல் வேலை செய்வது உண்மையான மெமரி முகவரிகளில், விர்ச்சுவல் முகவரி அதற்குப் புரியாது. நிரல் எழுதிய சேனல் கட்டளைகளில் இருப்பதோ விர்ச்சுவல் முகவரி. எனவே ஐஓ தொடங்கும் முன் சிஸ்டம் அந்தக் கட்டளைகளை மொழிபெயர்த்து ஒரு பிரதி எடுக்கும். பஃபர் பல பக்கங்களில் நீண்டு, அந்தப் பக்கங்கள் மெமரியில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தால், ஒவ்வொரு துண்டும் எங்கே இருக்கிறது என்று ஒரு முகவரிப் பட்டியல் கொடுக்கும். முக்கியமாக, ஐஓ முடியும்வரை அந்தப் பக்கங்களையும் ஆணி அடித்து வைக்கும். இல்லாவிட்டால் டேப்பிலிருந்து தகவல் வந்துகொண்டிருக்கும்போதே அந்த ஃப்ரேமை வேறொருவருக்குக் கொடுத்து, வந்த தகவல் அவர் தலையில் கொட்டிவிடும்.

கேள்வி: இத்தனை பேரைக் காத்திருக்க வைத்து ஓட்டலாம் என்றால், இன்னும் நிறைய ஜாப்களைச் சேர்த்துக்கொண்டே போகலாமே?

ஒரு எல்லை வரைதான். அதைத் தாண்டினால் எல்லோரும் எல்லோருடைய பக்கத்தையும் பிடுங்கிக்கொண்டே இருப்பார்கள், சிபியூ வேலை இல்லாமல் நிற்கும், பேஜிங் டிவைஸ்கள் மட்டும் ஓயாமல் ஓடும். இதைத்தான் த்ராஷிங் என்கிறோம். டென்னிங் 1968-இல் வொர்க்கிங் செட் (ஒரு நிரல் சமீபத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கங்களின் தொகுதி) என்ற கருத்தோடு இதை விளக்கினார். எம்விஎஸ் செய்த தீர்வு கடுமையானது, ஆனால் நேர்மையானது. ஒரு அட்ரஸ் ஸ்பேஸை முழுசாக வெளியே அனுப்பி உட்காரவைத்துவிடும், மற்றவர்கள் தங்கள் பக்கங்களோடு ஓடி முடிப்பார்கள், அப்புறம் அவர் முறை.

கேள்வி: விஎம் (ஒரே மெயின்ஃப்ரேமில் பல சிஸ்டங்களை ஓட்டும் மென்பொருள்) மேல் லினக்ஸ் ஓட்டுகிறோம். கீழே விஎம்மும் பேஜிங் செய்கிறது, மேலே லினக்ஸும் செய்கிறது. ஒன்று மற்றொன்றைக் கெடுக்காதா?

கெடுக்கும், இது பழைய நோய். விருந்தாளி சிஸ்டம், அதாவது விஎம் மேல் ஓடும் லினக்ஸ், தன் மெமரியில் பத்திரமாக இருப்பதாக நினைக்கும் பக்கத்தை விஎம் டிஸ்க்குக்கு அனுப்பியிருக்கும். விருந்தாளி 'இதை நான் வெளியே அனுப்புகிறேன்' என்று முடிவெடுத்து அதைத் தொட்டால், விஎம் அதை டிஸ்க்கிலிருந்து உள்ளே கொண்டுவரும், எதற்கு என்றால் விருந்தாளி அதைத் தன் டிஸ்க்கில் எழுதுவதற்கு!

இதைவிடப் பெரிய இழப்பு காத்திருப்பில் இருக்கிறது. விருந்தாளிக்குள் ஐம்பது ப்ராசஸ்கள் ஓடலாம். அதில் ஒன்று, விஎம் வெளியே அனுப்பிய பக்கத்தைத் தொட்டால், விஎம் அந்த விர்ச்சுவல் சிபியூவையே நிறுத்திவிடும். விஎம்முக்கு உள்ளே இருக்கும் ப்ராசஸ்கள் தெரியாதே. ஒருவருடைய பக்கத்துக்காக ஐம்பது பேரும் நிற்க வேண்டியதுதான். விஎம்/370 காலத்திலேயே ஓஎஸ்/விஎஸ்1 என்ற விருந்தாளி சிஸ்டத்துக்காக ஒரு கைகுலுக்கல் ஏற்பாடு செய்தார்கள். பக்கம் இல்லை என்றால் விஎம் விருந்தாளிக்கு ஒரு போலி பேஜ் ஃபால்ட் இன்டரப்ட் கொடுக்கும், 'இந்த டாஸ்க்குக்கு வேண்டியது இன்னும் வரவில்லை, நீ வேறொன்றை ஓட்டிக்கொள்' என்று. பக்கம் வந்ததும் இன்னொரு இன்டரப்ட். இன்றைய லினக்ஸிலும் இது உண்டு, பிஃபால்ட் என்ற பெயரில், விஎம்மை அழைக்கும் டயக்னோஸ் 258 என்ற கட்டளை வழியாக. உங்கள் கர்னலில் அது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விஎம் தரப்பில், அதன் இன்றைய வடிவமான இசட்/விஎம்மின் 6.4 பதிப்பில்தான் பேஜிங் வால்யூம்களுக்கு ஹைப்பர்பிஏவி வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் பேஜிங் வால்யூம்களின் எண்ணிக்கையைக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: இன்றைக்கு டெராபைட் கணக்கில் மெமரி கிடைக்கிறதே, பேஜிங்கைப் பற்றி இன்னும் ஏன் பேச வேண்டும்?

இசட்16-இல் 40 டெராபைட் வரை போடலாம், உண்மைதான். நன்றாகத் திட்டமிட்ட சிஸ்டத்தில் சாதாரண நாளில் பேஜிங் ஏறக்குறைய பூஜ்யமாகவே இருக்கும். பிரச்சினை சாதாரணமல்லாத நாளில்.

நான் வேலை பார்த்த ஒரு இடத்தில், நள்ளிரவுக்குப் பிறகு ஒரு டேட்டாபேஸ் கோளாறாகி எஸ்விசி டம்ப் (கோளாறை ஆராய எடுக்கும் மெமரிப் பிரதி) எடுக்கத் தொடங்கியது. டம்ப் என்பது முதலில் மெமரியிலேயே பிரதி எடுக்கும், பிறகுதான் டிஸ்க்குக்கு எழுதும். பல கிகாபைட் ஒரே மூச்சில் மெமரியில் நுழைந்தது. அதுவரை உள்ளே இருந்த எல்லோருடைய பக்கங்களும் வெளியே தள்ளப்பட்டன. மாதக்கணக்கில் யாரும் தொடாமல் இருந்த லோக்கல் பேஜ் டேட்டாசெட்கள் மூன்றே மூன்று, மூன்றும் மாற்று முகவரி இல்லாத பழைய வால்யூம்களில். சில நிமிடத்தில் கன்சோலில் ஐஆர்ஏ200இ என்ற செய்தி வந்தது, ஆக்ஸிலரி ஸ்டோரேஜ் 70 சதவீதம் நிரம்பிவிட்டது என்று பொருள். 85-ஐத் தொட்டால் நெருக்கடிநிலை. டம்ப் முடிந்த பிறகும் அரைமணி நேரம் ஆன்லைன் மெதுவாகவே இருந்தது, ஏனென்றால் வெளியே போன அத்தனை பக்கங்களும் மூன்று வாசல் வழியாக ஒவ்வொன்றாகத் திரும்பி வர வேண்டியிருந்தது. போகும்போது கூட்டமாகப் போயின. வரும்போது அவரவர் தொடும் நேரத்தில் தனித்தனியாக வந்தன.

இப்போது அதற்கு நல்ல வழிகள் இருக்கின்றன. 2012-இல் இசட்இசி12 இயந்திரத்தோடு ஃபிளாஷ் எக்ஸ்பிரஸ் என்ற ஃபிளாஷ் அட்டை வந்தது, 2017-இல் இசட்14-இல் அதன் இடத்தை விர்ச்சுவல் ஃபிளாஷ் மெமரி எடுத்துக்கொண்டது. பேஜிங் இந்த வழியாகப் போனால் யூசிபி வரிசை என்ற பேச்சே இல்லை. அது இல்லாதவர்கள் கையில் வைத்திருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சேர்ப்பதற்குத் தயாராக முன்கூட்டியே உருவாக்கி வைத்த ஓரிரு பேஜ் டேட்டாசெட்கள், பேஜ்ஆட் கட்டளை போட்டால் சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சேர்ந்துவிடும். இரண்டு, டம்ப் எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்பதற்கு வரம்பு வைக்கும் மேக்ஸ்ஸ்பேஸ், அதை உங்கள் பேஜ் டேட்டாசெட்களின் காலியிடத்தோடு ஒப்பிட்டு வையுங்கள். ஐஆர்ஏ200இ வந்த பிறகு அந்த இடத்தைத் தேட நேரம் இருக்காது.